மறைந்து ஒழுகும் செந்நீர்

பேராக் மாநிலத்தின் தோட்டப்புறங்களில் இரப்பர் மரம் சீவச் சென்றவர்கள் பொழுது விடியும் முன்பே எழுந்தார்கள். வெயிலுக்கு அஞ்சியது மட்டும் அதற்குக் காரணமன்று. இரவு முழுவதும் வேர் உறிஞ்சிய நீரால் மரப்பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். விடியற்காலையில் கத்தி பட்டதும் அந்த அழுத்தம் பாலை வெளியே தள்ளும். வெயில் ஏறி, இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அழுத்தம் தணியும், பாலும் குறையும். தாமதமாகச் சீவப்பட்ட மரத்தின் மங்கு பாதி கூட நிரம்பாது. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் முதல் இரப்பர் நாற்றுகள் நடப்பட்ட காலத்திலிருந்து பேராக் மண் அறிந்த செய்தி இது.

சில மணி நேரம் வடிந்தபின் பால் தானாகவே நின்றுவிடும். வெட்டுவாயில் இரப்பர்த் துகள்கள் திரண்டு குழாய்களை அடைத்துவிடுவதே அதற்குக் காரணம். குழாய்க்குள் அழுத்தம், வெட்டு, ஒழுக்கு, அடைப்பு என்னும் இந்த நான்கும் மனித உடலின் இரத்த ஓட்டத்திலும் உண்டு. ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. மரத்துக்கு இதயம் இல்லை. பால் குறைந்தால் மரம் அடுத்த சீவலுக்குள் மெல்ல ஊறவைத்துக்கொள்ளும். மனிதனுக்கோ ஓயாமல் இயங்கும் ஓர் இறைப்பான் இருக்கிறது. இறைப்பதற்கு இரத்தம் போதாமல் போனால், அவனுக்கு மிஞ்சும் கால அளவு நாள்கணக்கில் இருக்காது, நிமிடக்கணக்கில்தான் இருக்கும்.

நுரையீரல் அறுவைச் சிகிச்சையின்போது ஏற்படும் இரத்த இழப்பை மருத்துவர்கள் தனிக் கவனத்துடன் பார்ப்பதற்கு, இரத்த ஓட்டத்தின் அமைப்பே காரணமாகும். 1628இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் இரத்தத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார். அவ்வளவு இரத்தத்தை ஈரலோ வேறெந்த உறுப்போ அந்த வேகத்தில் புதிதாக உண்டாக்க முடியாது. எனவே அதே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். எளிய பெருக்கல் கணக்கு ஒன்று பன்னூறு ஆண்டுக்கால நம்பிக்கையைச் சாய்த்துவிட்டது. கணக்குப் பாடத்தை வெறுப்பவர்கள் ஹார்வியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தம் என்பது பெரியவர்களுக்கான பொதுக் கணக்கு. அப்படியானால் 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் 4.2 லிட்டர் இரத்தம் இருக்கும். ஓய்வாக இருக்கும்போது அவருடைய இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் இறைக்கிறது. அதாவது, உடலிலுள்ள மொத்த இரத்தமும் ஒரு நிமிடத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடுகிறது. இதயத்தின் இடப்பக்கம் தள்ளும் இரத்தம் மூளை, சிறுநீரகம், குடல், தசை எனப் பல கிளைகளாகப் பிரிந்து செல்கிறது. வலப்பக்கம் தள்ளும் இரத்தத்துக்கோ போக்கிடம் ஒன்றுதான், அது நுரையீரல். நிமிடத்துக்கு 5 லிட்டரும் அவ்வழியே போயாக வேண்டும். உடலின் வேறெந்த உறுப்பும் இதயம் இறைக்கும் இரத்தம் முழுவதையும் இப்படி ஏற்றுக்கொள்வதில்லை.

அவ்வளவு இரத்தம் பாய்ந்தாலும் அங்கே அழுத்தம் குறைவு. கையில் பட்டை சுற்றி அளக்கும் இரத்த அழுத்தம் 120/80 என்றால், நுரையீரல் தமனியில் அது ஏறத்தாழ 25/10 தான். குறைந்த அழுத்தத்தைத் தாங்கினால் போதும் என்பதால் அந்தத் தமனியின் சுவரும் மெல்லியது. பெருந்தமனி தடித்த இரப்பர்க் குழாய் என்றால், நுரையீரல் தமனி நனைந்த காகிதத்தைப் போன்றது எனலாம். மெல்லிய சுவர், மிகுந்த ஓட்டம், குறைந்த அழுத்தம் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த இடத்தில்தான் அறுவை மருத்துவரின் கத்தி வேலை செய்கிறது.

இரத்தம் வெளியேறத் தொடங்கியதும் உடல் என்ன செய்கிறது? பலரும் உடனே இரத்த அழுத்தம் விழுந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். உண்மை வேறு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் சற்றே தளர்ந்தாலும் அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, தோலிலும் குடலிலும் உள்ள சிறு தமனிகள் சுருங்குகின்றன. உடலின் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு எப்போதும் சிரைகளில்தான் தங்கியிருக்கும். அந்தச் சிரைகளும் இறுகித் தம்மிடம் தேங்கியதை இதயத்தை நோக்கித் தள்ளிவிடுகின்றன. சம்பளம் குறைந்த மாதத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தும் தாயைப் போல, உடல் தோலையும் வயிற்றையும் பட்டினி போட்டு இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுகிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு வீட்டில் குறை எதுவும் தெரியாது.

அந்த 60 கிலோ மனிதரையே எடுத்துக்கொண்டால், 600 மில்லிலிட்டர் வரை, அதாவது நூற்றுக்கு 15 பங்குக்குள் இழந்தால், நாடித் துடிப்புகூடப் பெரிதாக மாறாமல் இருக்கலாம். அதற்கு மேல் 1.2 லிட்டர் அளவு வரை இழக்கும்போது நாடி விரைகிறது, கைகால்கள் குளிர்கின்றன, சிறுநீர் குறைகிறது. அப்போதும் இரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏறக்குறைய பழைய நிலையிலேயே நிற்கக்கூடும். நூற்றுக்கு 30 பங்கைத் தாண்டும்போதுதான் அது சரியத் தொடங்குகிறது. 40 பங்கைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இவை எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் எல்லைக்கோடுகள் அல்ல. நல்ல உடல்வலிமை கொண்ட இளைஞரின் உடல் நெடுநேரம் சமாளிக்கும். பிறகு திடீரென்று சரியும். முதியவரின் இதயம் விரையவே முடியாமல் முன்னதாகவே தளர்ந்துவிடும். எவ்வாறாயினும், இரத்த அழுத்தம் விழும் நேரம் ஆபத்து தொடங்கும் நேரமன்று. உடல் தன் சேமிப்பை எல்லாம் செலவழித்து முடித்த நேரம்.

இரத்தச் சோதனையும் இதேபோல் ஏமாற்றக்கூடியது. ஹீமோகுளோபின் என்பது சிவப்பணுக்களில் உள்ள, ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள். ஒருவர் ஒரு லிட்டர் இரத்தம் இழந்த உடனே அவருடைய ஹீமோகுளோபினை அளந்தால், இழப்பதற்கு முன் இருந்த எண்ணே பெரும்பாலும் வரும். ஈப்போவின் பெயர்பெற்ற வெள்ளைக் காப்பியில் பாதிக் கோப்பை குடித்தபின் மீதிக் காப்பி நீர்த்துப் போவதில்லை அல்லவா? அளவுதான் குறைந்திருக்கும், அடர்த்தி அப்படியே இருக்கும். கோப்பையில் வெந்நீர் ஊற்றினால்தான் காப்பி வெளுக்கும். உடலிலும் திசுக்களிலிருந்து நீர் ஊறி வந்த பிறகோ, மருத்துவர் உப்புநீர் ஏற்றிய பிறகோதான் ஹீமோகுளோபின் எண் இறங்குகிறது. ஆகவே அந்த எண்ணை மட்டும் பார்த்து, இழப்பு இல்லை என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

ஹீமோகுளோபின் ஒரு கிராம் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால், அதில் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தம் ஓடினால் உடலுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் 1000 மில்லிலிட்டர். ஓய்வில் உடல் செலவழிப்பது 250 மில்லிலிட்டர்தான். நான்கு மடங்கு வரவு இருப்பதால் கவலை இல்லை. இப்போது ஹீமோகுளோபின் 10 கிராம் உள்ள ஒருவரைப் பார்க்கலாம். அவருக்கு வரும் ஆக்சிஜன் 670 மில்லிலிட்டர். இரத்த இழப்பால் அவருடைய இதயம் நிமிடத்துக்கு 3 லிட்டர்தான் இறைக்கிறது என்றால், வரவு 402 ஆகச் சுருங்கிவிடும். செலவோ அதே 250. கைக்கும் வாய்க்குமான வாழ்க்கை என்பது இதுதான்.

இந்தக் கணக்கு பழைய தோட்டப்புற மக்களின் வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புடையது. காலணி இல்லாமல் ஈரமண்ணில் நடந்தவர்களின் பாதத்தோலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழுவின் குஞ்சுகள் உடலுக்குள் நுழைந்தன. குடலில் கவ்விக்கொண்ட புழுக்கள் நாள்தோறும் துளித்துளியாக இரத்தம் உறிஞ்சின. மலேரியாக் காய்ச்சல் சிவப்பணுக்களை உடைத்தது. பிள்ளைப்பேறுகளாலும் குறைந்த உணவாலும் பெண்களின் இரத்தம் மேலும் வெளுத்தது. வெளிறிய முகத்தோடும் மூச்சிரைப்போடும் நிரை நிரையாக மரம் சீவியவர்களைச் சோம்பேறி என்று ஏசிய கங்காணிகளும் உண்டு. அவர்களுடைய உடல் ஏற்கெனவே தன் சேமிப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டுத்தான் பிரட்டுக் களத்தில் வந்து நின்றது. அத்தகைய உடலில் அறுவைச் சிகிச்சை செய்வதென்றால், பிறருக்குச் சிறியதாகத் தோன்றும் இழப்பும் பேரிழப்பாகிவிடும். இன்று அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே இரத்தச்சோகை உள்ளதா என்று சோதித்து, இரும்புச்சத்துக் கொடுத்துச் சரிசெய்வது வழக்கமாகியிருப்பதன் பொருள் இதுவே.

நுரையீரலில் கத்தி வைப்பதற்கே மருத்துவ உலகம் நெடுங்காலம் அஞ்சியது. நெஞ்சறையைத் திறந்த மாத்திரத்தில் நுரையீரல் சுருங்கிவிடும். இரத்தக் குழாய்கள் பெரியவை. கட்டு நழுவினால் அடுத்த நிமிடம் இல்லை. 1931இல் பெர்லினில் ருடோல்ப் நிசன் என்னும் அறுவை மருத்துவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் நோயுற்ற நுரையீரலை நீக்க முயன்றபோது அவளுடைய இதயம் நின்றுவிட்டது. அவளை மீட்டெடுத்து, மற்றொரு நாளில் அறுவையை மீண்டும் தொடர்ந்தார், சிறுமி பிழைத்தாள். 1933 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரகாம், புற்றுநோய் கண்ட ஒரு நுரையீரலை ஒரே அமர்வில் முழுதாக நீக்கினார். அந்த நோயாளியும் ஒரு மருத்துவரே. அவர் அதன்பின் முப்பது ஆண்டுகள் ஒற்றை நுரையீரலோடு வாழ்ந்தார். அறுவை செய்த கிரகாமோ பல ஆண்டுகள் புகைபிடித்தவர். 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார்.

கிரகாம் நுரையீரலின் வேர்ப்பகுதியை, குழாய்கள் எல்லாம் ஒன்றாகச் சேர, மொத்தமாகக் கட்டினார். பின்னர் வந்தவர்கள் ஒவ்வொரு தமனியையும் சிரையையும் தனித்தனியே பிரித்துக் கட்டக் கற்றார்கள். அக்காலத்தில் இந்த அறுவைச் சிகிச்சையை மிகுதியாக வேண்டிநின்ற நோய் காசநோய். தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் நெஞ்சறை அறுவைத் துறையைத் தொடங்கிப் பலரைப் பயிற்றுவித்தார். காசநோய் தின்ற நுரையீரலில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டுகளைப் பிரிக்கும்போது ஒரு பெரிய குழாய் கிழியாமலேயே, நெஞ்சுச்சுவர் முழுவதிலிருந்தும் இரத்தம் கசியும். பிறகு சென்னைச் சேத்துப்பட்டில் நடந்த ஆய்வு ஒன்று 1959இல் வெளிவந்து, மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தபடியே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. காசநோய்க்காக நெஞ்சைத் திறக்க வேண்டிய தேவை படிப்படியாகச் சுருங்கியது. இன்று நுரையீரல் அறுவைக்குப் பெருங்காரணம் புற்றுநோய்.

அறுவை அறையில் நோயாளி ஒருக்களித்துப் படுக்கவைக்கப்படுகிறார். மூச்சுக்குழாயில் இரு வழிகள் கொண்ட குழாய் ஒன்று செருகப்படுகிறது. அதன் உதவியால் ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்றுச் செலுத்தி, அறுவைக்கு உள்ளாகும் நுரையீரலைச் சுருங்க விடுகிறார்கள். காற்று நின்றாலும் அந்த நுரையீரலுக்கு இரத்தம் போவது உடனே நின்றுவிடாது. போன இரத்தம் ஆக்சிஜன் பெறாமல், கருஞ்சிவப்பாகவே திரும்பி வரும். ஆனால் நுரையீரலுக்கு ஒரு வியப்பான குணம் உண்டு. காற்று வராத பகுதியின் இரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கி, இரத்தத்தைக் காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடும். 1946இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் இதனை விளக்கினார்கள். தண்ணீர் வராத குழாயடியில் நிற்காமல் மக்கள் அடுத்த குழாயடிக்குப் போவதைப் போன்றதுதான் இது.

இந்தச் சமநிலை நுட்பமானது. இரத்தம் இழக்கப்படும்போது திசுக்கள் கிடைக்கும் இரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட மிகுதியாக ஆக்சிஜனைப் பிழிந்துகொள்கின்றன. அதனால் வலப்பக்க இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மேலும் கறுத்திருக்கும். அதில் ஒரு பங்கு சுருங்கிய நுரையீரல் வழியாக மாறாமல் கடந்து, நல்ல இரத்தத்தோடு கலக்கும். இரத்த இழப்பு வெறும் அளவுக்குறைவாக நிற்காமல் ஆக்சிஜன் குறைவாகவும் மாறுவது இப்படித்தான். இயங்கும் ஒற்றை நுரையீரலுக்குள் இயந்திரம் காற்றை அழுத்திச் செலுத்துகிறது. நெஞ்சில் கூடும் அந்த அழுத்தம், ஏற்கெனவே வற்றியிருக்கும் சிரைகளிலிருந்து இதயத்துக்கு வரும் இரத்தத்துக்கு மேலும் தடையாகிறது. வயிற்று அறுவையில் தாங்கக்கூடிய இழப்பு நுரையீரல் அறுவையில் தாங்க முடியாததாவதற்கு இவ்விரண்டும் காரணங்கள்.

மயக்க மருந்தும் நிலைமையை மாற்றுகிறது. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதோடு, அழுத்தம் குறைந்ததை உணர்ந்து உடல் காட்டும் எதிர்வினையையும் மழுங்கச் செய்கிறது. விழித்திருப்பவரின் உடல் மறைத்து வைக்கும் இழப்பை மயங்கியவரின் உடல் அவ்வளவு நேரம் மறைக்காது. அதே வேளையில், இழப்பே இல்லாமலும் அழுத்தம் விழுவதுண்டு. அறுவை மருத்துவரின் கையோ கருவியோ இதயத்தை ஒருபுறம் தள்ளினால், இதயத்துக்கு வரும் பெருஞ்சிரை வளைந்து, ஓட்டம் தடைப்படும். கையை எடுத்ததும் எண் மேலே ஏறிவிடும். ஆகவே திரையில் எண் இறங்கிய நொடியில் மயக்க மருத்துவர் மருந்தைத் தேடுவதற்கு முன் திரையைவிட்டுக் கண்ணை எடுத்து, அறுவை நடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இயந்திரம் எண்ணைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

காரணத்தை அறிய மிகப் பழைய முறை ஒன்று இன்றும் கைகொடுக்கிறது. அது தராசு. இரத்தத்தை ஒற்றியெடுத்த பஞ்சுத்துணிகளைத் தாதியர் எடைபோட்டு, உலர்ந்த துணியின் எடையைக் கழிக்கிறார்கள். ஒரு கிராம் கூடுதல் என்றால் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் இரத்தம். உறிஞ்சு குழாய் வழியே குடுவையில் சேர்ந்த அளவிலிருந்து, கழுவ ஊற்றிய உப்புநீரைக் கழிக்கிறார்கள். கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் தவறும். பெரிய இழப்பைக் கண் குறைத்தே காட்டும். பால் கொட்டகையில் வாளியை நிறுத்துக் கணக்கெழுதிய தோட்டத்துக் கிராணிகூட வாளியைப் பார்த்த மாத்திரத்தில் எடையைச் சொல்லிவிடவில்லை.

பெரும்பாலான நுரையீரல் அறுவைகளில் இழப்பு சில நூறு மில்லிலிட்டரோடு முடிந்துவிடுகிறது. சிறு துளைகளின் வழியே கருவி செலுத்திச் செய்யும் முறையில் அது இன்னும் குறைவு. அரிதாக, நுரையீரல் தமனியின் மெல்லிய சுவர் கிழிகிறது. ஒரு பக்கத்துத் தமனியில் ஓடுவதே நிமிடத்துக்கு இரண்டு லிட்டரைத் தாண்டலாம் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த நொடியின் கனம் விளங்கும். நெஞ்சறை கண்ணிமைக்கும் நேரத்தில் நிரம்பும். கிழிசல் எங்கே என்றே தெரியாது. அந்தக் கணத்தில் இடுக்கியை எடுத்துக் கண்மூடித்தனமாகக் கவ்வினால், சிறு கிழிசல் பெருங்கிழிசலாகிவிடும். தேர்ந்த அறுவை மருத்துவர் அவ்வாறு செய்வதில்லை. பஞ்சுருண்டையாலோ விரலாலோ மெல்ல அழுத்திப் பிடிக்கிறார். 25 என்னும் குறைந்த அழுத்தம் இப்போது நோயாளியின் பக்கம் நிற்கிறது. சுவரைக் கிழிய வைத்த மென்மை ஒருபுறம் இருக்க, ஒரு விரலின் அழுத்தத்துக்கே ஓட்டம் நின்றுவிடுகிறது.

அழுத்திப் பிடித்தபின் அறையில் பேச்சு மிகச் சிறியதாகிவிடும். “அழுத்திப் பிடித்திருக்கிறேன், டாக்டர். இரத்தம் ஏறட்டும், சொல்லுங்கள்” என்பார் அறுவை மருத்துவர். “இன்னும் இரண்டு நிமிடம் பொறுங்கள்” என்பார் மயக்க மருத்துவர். அந்த இரண்டு நிமிடத்தில் அவசரமாகத் தைக்கத் தொடங்கினால், வற்றிய இதயம் மேலும் வற்றும். நிறுத்தி வைத்து, நிரப்பிவிட்டு, பிறகு தைக்க வேண்டும். இந்த வரிசையைக் கடைப்பிடிக்கும் பொறுமை, தையல் திறமையைப் போலவே பயிற்சியால் வருவது.

எதைக் கொண்டு நிரப்புவது என்பதிலும் நுரையீரலுக்குத் தனிச்சட்டம் உண்டு. உப்புநீரை லிட்டர் கணக்கில் ஊற்றினால் குழாய்கள் நிரம்பும், அழுத்தமும் ஏறும். ஆனால் காப்பி வெளுத்துவிடும். அதைவிடக் கொடிது, உப்புநீர் குழாய்ச்சுவரைக் கடந்து மூச்சுப்பைகளில் தேங்குவது. ஒரு நுரையீரல் முழுதாக நீக்கப்பட்டவருக்கு எஞ்சிய நுரையீரல்தான் இதயத்தின் முழு இறைப்பையும் ஏற்க வேண்டும். அதில் நீர் கோத்தால் உதவிக்கு வர வேறு நுரையீரல் இல்லை. எனவே இழப்பு சிறிதானால் நீரை அளந்து கொடுப்பதும், பெரிதானால் இரத்தத்தையே ஏற்றுவதும் வழக்கம்.

அந்த இரத்தம் எந்தத் தொழிற்சாலையிலும் உருவாவதில்லை. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைப் பற்றி வெளியிட்ட கண்டுபிடிப்புக்குப் பின்புதான் ஒருவர் இரத்தம் இன்னொருவருக்கு அச்சமின்றிப் போகத் தொடங்கியது. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் இரத்த வங்கிகளில் குளிர்பெட்டியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு பையும் யாரோ ஒருவர் கை நீட்டிக் கொடுத்தது. மலேசியாவில் 18 வயது நிரம்பியவர்கள் இரத்ததானம் செய்யலாம். 17 வயதினர் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு கொடுக்கலாம். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபினும் போதிய அளவு இருக்க வேண்டும். ஒரு முறை எடுக்கப்படுவது 350 அல்லது 450 மில்லிலிட்டர். நலமுள்ள உடல் ஓசையின்றி ஈடுசெய்துகொள்ளும் அளவுக்குள் இருப்பதால்தான், கொடுத்தவர் சற்று ஓய்வெடுத்துவிட்டு வீடு திரும்ப முடிகிறது.

பையிலுள்ள இரத்தம் உறையாமல் இருக்க அதில் சிட்ரேட் உப்புக் கலந்திருக்கும். மரத்திலிருந்து இறக்கிய பால் ஆலைக்குப் போகும்வரை கட்டியாகாமல் இருக்கத் தோட்டத்தில் அமோனியா சேர்த்ததைப் போன்ற ஏற்பாடு அது. ஆனால் பல பைகள் விரைந்து ஏற்றப்படும்போது அந்தச் சிட்ரேட் நோயாளியின் இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் குறைந்தால் இதயத்தின் துடிப்பு வலுவிழக்கும். காயத்தில் இரத்தம் உறைவதும் தடைப்படும். எனவே கால்சியமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். குளிர்பெட்டியில் 2 முதல் 6 பாகை செல்சியசில் இருந்த இரத்தத்தை இளஞ்சூடாக்கியே ஏற்றுகிறார்கள். உடல் குளிர்ந்தாலும், ஆக்சிஜன் போதாமல் அமிலம் கூடினாலும் இரத்தம் உறையும் திறனை இழக்கும். இரப்பர்ப் பால் அமிலம் பட்டால் உறைகிறது. இரத்தமோ அமிலம் கூடினால் உறைய மறுக்கிறது. உறையாத இரத்தம் மேலும் ஒழுக, ஒழுக ஒழுக உடல் மேலும் குளிரும். இந்தச் சுழலுக்குள் நோயாளி விழாமல் காப்பதற்காகவே போர்வை, சூடேற்றி, கால்சியம் எல்லாம் முன்கூட்டியே அருகில் வைக்கப்படுகின்றன. சிவப்பணுக்களை மட்டும் ஏற்றினால் போதாது. உறைவுக்கு உதவும் பிளாஸ்மாவும் தட்டணுக்களும் உடன் தேவைப்படும்.

அறுவை முடிந்து நெஞ்சு தைக்கப்பட்டபின் கவனிப்பு தாதியர் கைக்கு மாறுகிறது. நெஞ்சறையிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து, நீருள்ள குடுவையில் முடிகிறது. காற்றும் இரத்தமும் அதன் வழியே வெளியேறும். நீர் இருப்பதால் வெளிக்காற்று உள்ளே போகாது. தாதி மணிக்கு ஒருமுறை குடுவையில் கோடு போட்டு அளவையும் நேரத்தையும் குறிக்கிறார். மணிக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் சில மணி நேரம் தொடர்ந்து வடிந்தால், நெஞ்சை மீண்டும் திறந்து பார்க்க வேண்டுமா என்று மருத்துவர்கள் ஆராய்வார்கள்.

வடிதல் திடீரென்று நின்றுவிட்டாலும் அனுபவமுள்ள தாதி மகிழ்ந்துவிடுவதில்லை. ஒழுக்கு உண்மையாகவே நின்றிருக்கலாம். அல்லது உறைந்த கட்டி ஒன்று குழாயை அடைத்திருக்கலாம். அடைத்திருந்தால், லிட்டர் கணக்கில் இடமுள்ள நெஞ்சறைக்குள்ளேயே இரத்தம் தேங்கிக்கொண்டிருக்கும். குடுவையோ மாறாமல் இருக்கும். அதனால் அவர் குழாயில் நீர்மட்டம் மூச்சோடு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார். நோயாளியின் கையைத் தொட்டு, அது குளிர்ந்திருக்கிறதா என்று அறிகிறார். முந்தைய மணி நேரத்து நாடியோடு இப்போதைய நாடியை ஒப்பிடுகிறார். சிறுநீர்ப் பையின் அளவைக் குறிக்கிறார்.

எல்லாம் சீராக இருந்தால், விடியும் வேளையில் நோயாளி இருமிப் பழகத் தொடங்குவார். அவருக்கென்று வகை பொருத்தி எடுத்து வைத்திருந்த இரத்தப் பைகள் பிரிக்கப்படாமலே இரத்த வங்கியின் குளிர்பெட்டிக்குத் திரும்பும். அங்கே அவருடைய பெயர்ச்சீட்டு எடுக்கப்பட்டு, பைகள் அடுத்த நோயாளிக்காக மீண்டும் அடுக்கில் வைக்கப்படும்.